அருணாக்கொடியோடு நிறுத்த எடை

சாரதாம்பாள் அத்தை குழந்தைகளைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. யாராவது ஒரு குழந்தையை நீட்டினால் இரண்டு கைகளிலும் ஏந்தி வாங்குவார். ஒரு கணம் அசையாமல் நிற்பார். பிறகு தாயைப் பார்த்து, "பதினோரு ராத்தல் இருக்குமா?" என்பார். கல்யாண வீட்டிலும் இதே கதைதான். குழந்தை யார் ஜாடை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, அத்தை மட்டும் எடை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

போன மாதம் அத்தையின் காரியத்துக்கு வந்தவர்களில் ஐந்தாறு பேர் அவர் கையால் நிறுக்கப்பட்டவர்கள். தியாகு என்ற குழந்தையின் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் அத்தைதான் குழந்தையைக் காப்பாற்றினார். அத்தை எனக்குச் சொன்னபோது அது அப்படி இல்லை. "நான் ஒரு தப்பு செஞ்சேன், கேளு" என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பித்தார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

அத்தை பிறந்ததும் வளர்ந்ததும் ரப்பர் எஸ்டேட்டில். அங்கிருந்த தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தார். பிறகு கருணாகரன் மாமாவைக் கட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்தார். மாமாவுக்கு முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் பார்க்கும் வேலை. ஐம்பத்து நாலில் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை கிடையாது. மறு வருஷம் காஜா பெராங் சாலையோரம் ஒரு வாடகைக் கடைவீட்டில் தாய் சேய் கிளினிக் ஒன்று திறந்தபோது, அங்கே ஆயா வேலைக்குப் போய் நின்றார். நேர்முகத் தேர்வில் ஒரே கேள்விதான். தராசின் முள்ளைக் காட்டி, "இது எத்தனை?" என்றார்கள். அத்தை சரியாகச் சொன்னார். வேலை கிடைத்தது.

கிளினிக்கின் பொறுப்பு பொன்னுதுரை மிசியிடம் இருந்தது. எங்கள் ஊரில் நர்ஸுகளை மிசி என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை உடுப்பு, உயரமான உருவம், சிரிப்பதில் சிக்கனம். வியாழக்கிழமைகளில் எடை பார்ப்பார்கள். தாய்மார் வரிசையில் வருவார்கள். அத்தை குழந்தையின் துணியை அவிழ்த்துத் தராசுத் தொட்டிலில் கிடத்தி எண்ணைச் சொல்வார். மிசி அதை அட்டையில் எழுதி, போன வாரத்து எண்ணோடு ஒப்பிட்டு, தாயிடம் நாலு வார்த்தை பேசுவார். எடை குறைந்த குழந்தைகளுக்குப் பால்மாவு இலவசமாகக் கிடைக்கும்.

வந்தவர்களில் பாதிப்பேர் முனிசிபாலிட்டி லயத்து வரிசைவீட்டுப் பெண்கள். தெருக்கூட்டுகிறவர்கள், சாக்கடைக் கான் வெட்டுகிறவர்களின் மனைவிமார். பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, மலாக்காச் செட்டிப் பெண்களும் வருவார்கள். அவர்கள் கும்பிடுவது நம் சாமியைத்தான், பேசுவது மட்டும் மலாய். "பிள்ளைக்கு என்ன குடுக்கிறீர்?" என்று மிசி கேட்பார். எல்லோரும் சரியான பதிலைச் சொல்வார்கள். தாய்ப்பால், வடித்த கஞ்சி, மசித்த காய், கொதித்து ஆறிய தண்ணீர். மிசி தலையாட்டுவார்.

அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் துணி அவிழ்க்கும்போது, "நேத்து என்ன சாப்பிட்டான்?" என்று அத்தையும் கேட்டிருப்பார். அங்கே கிடைக்கும் பதில் வேறு. கோப்பியில் நனைத்த பிஸ்கட். ஆணியால் இரண்டு ஓட்டை போட்ட டின்பால், ஒரு டின் ஐந்து நாளைக்கு. ஐந்து நாளும் எறும்பு வராமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவில் வைத்த டின். மீன் கொடுத்தால் பூச்சி வரும், முட்டை கொடுத்தால் பேச்சு வராது, பூசணி குளிர்ச்சி. டின்பாலில் எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறாய் என்று கேட்டால், "கலர் வர்ற அளவுக்கு" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். ஒருத்தியின் கலர் பால் மாதிரி இருக்கும். இன்னொருத்தியின் கலர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கும். இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே டின் வாங்குகிறவர்கள். அத்தைக்கு இதெல்லாம் தீராத ஆச்சரியம். மிசியிடம் போய்ச் சொல்லமாட்டார். சொன்னால் அடுத்த வாரம் தன்னிடமும் சரியான பதிலைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அவருக்கு ஒரு தனி விளையாட்டும் இருந்தது. தொட்டிலில் வைப்பதற்கு முன் கையிலேயே எடையைக் கணிப்பது. முதல் வருஷம் ஒரு ராத்தல், அதாவது பதினாறு அவுன்ஸ், முன்னே பின்னே போகும். இரண்டாம் வருஷம் நாலு அவுன்ஸுக்குள் வந்துவிட்டது.

இப்போது அந்தத் தப்பு.

கிளினிக் சுவரில் ஒரு பலகை உண்டு. துணியும் நகையும் இல்லாமல் நிறுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். துணியை அவிழ்ப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. நகையில்தான் சிக்கல். நம் ஜனங்களில் குழந்தைக்கு இடுப்பில் அருணாக்கயிறு கட்டினால், அது நைந்து போனாலும் புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை எடுப்பார்கள். வசதி வந்தால் கயிறு போய் வெள்ளிக்கொடி வரும். இடுப்பு வெறுமையாக இருப்பது ஒரே ஒரு நாள், கடைசிக் குளியலின்போது. அத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பூங்காவனம் என்ற பெண்ணின் குழந்தையிடமிருந்து கொடியைக் கழற்றப் போனார். பூங்காவனம் அத்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. "இதுக்கு முந்தின புள்ளைக்கு நானே கழட்டினேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அத்தை கையை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து யாருக்கும் கொடியைக் கழற்றவில்லை. கொடியை விட்டபின் தண்டையையும் காப்பையும் மட்டும் கழற்றச் சொல்வானேன் என்று அவற்றையும் விட்டார். மிசி எழுதுவதில் குனிந்திருப்பார். எல்லாக் குழந்தையும் போடுகிற வெள்ளிதானே, வாராவாரம் அதே வெள்ளிதானே, ஏறினால் குழந்தைதானே ஏறும் என்று அத்தை நினைத்தார். அந்தக் கணக்கில் அப்போது அவருக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை.

ஐம்பத்தேழு ஆகஸ்டு முதல் தேதி வியாழக்கிழமை. பாக்கியலட்சுமி தன் எட்டு மாதக் குழந்தை தியாகுவைக் கொண்டுவந்தாள். தெருக்கூட்டும் வேலை அவளுக்கு. விடிவதற்கு முன் போனால் மத்தியானம்தான் வருவாள். மாத முடிவில் சுதந்திரம் என்பதால் ஊரெல்லாம் வளைவும் தோரணமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டுகிறவர்களுக்குச் சாயங்காலமும் வேலை போட்டிருந்தார்கள். அவள் இல்லாத நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது புருஷன் தேவதாஸின் அக்காள் சிவகாமசுந்தரி. அதற்காகவே பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தாள்.

குழந்தைக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. மிசி பார்த்தார். "பாலை நிப்பாட்டும். பார்லித் தண்ணி மட்டும் குடும். உம்மட பால் குடிச்சாக் குடிக்கட்டும்" என்றார். வயிறு சரியான பிறகு கலக்க ஒரு டின் பால்மாவும் கொடுத்தார். அன்று எடை பதின்மூன்று ராத்தல் இரண்டு அவுன்ஸ். இடுப்பில் கறுப்புக் கயிறு மட்டும்தான்.

எட்டாம் தேதி பதின்மூன்று ராத்தல் மூன்று அவுன்ஸ். "வயிறு எப்பிடி?" என்றார் மிசி.

"நின்னுடுச்சி மிசி."

"என்ன குடுக்கிறீர்?"

"நீங்க சொன்னதுதான்."

"நல்லது. செய்யிறதையே செய்யும்."

பதினைந்தாம் தேதி பதின்மூன்று நாலு. அதே கேள்வி, அதே பதில், அதே தலையாட்டல். ஏறுவது மெதுவாக இருந்தாலும் ஏறுகிறது என்று மிசிக்குத் திருப்தி. அத்தையும் துணி அவிழ்க்கும்போது வழக்கமான கேள்வியைக் கேட்டார். பாக்கியம் அவரிடமும், "மிசி சொன்னதுதான்க்கா" என்றாள். பொய் சொல்லாத பெண். ஒருத்தியாவது மிசி சொன்னதைச் செய்கிறாளே என்று அத்தை சந்தோஷப்பட்டார்.

இருபத்திரண்டாம் தேதி குழந்தையை வாங்கியதும் அத்தை நின்றுவிட்டார். கை பன்னிரண்டரை என்றது. தொட்டிலில் வைத்தார். முள் பதின்மூன்று ராத்தல் ஆறு அவுன்ஸில் நின்றது.

"என்ன சாரதாம்பாள், எண்ணைச் சொல்லும்" என்றார் மிசி.

அத்தை சொன்னார். மிசி எழுதினார். மூன்று வாரத்தில் நாலு அவுன்ஸ். அட்டையைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை அழவில்லை. அத்தையின் விரலைப் பிடித்தது, பிடித்த விரலை விட்டது. அந்தப் பிடியும் அத்தைக்குச் சரியாகப் படவில்லை.

கூட்டம் போனபின் முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டார். பிரிக்காத ஐந்து ராத்தல் பால்மாவுப் பைகள் இரண்டை எடுத்துத் தொட்டிலில் வைத்தார். பத்து ராத்தலும் காகிதத்துக்கு ஒரு அவுன்ஸும் காட்டியது. ஒரு பையை எடுத்தார். பாதி. தராசில் குற்றமில்லை. பிறகு கையைச் சந்தேகப்பட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் சீனன் கடையில் அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்தார், வெங்காயத்தைத் தூக்கிப் பார்த்தார். கடை முதலாளி தவுக்கே, "எதைத்தான் வாங்கப் போகிறாய்?" என்று மலாயில் கேட்டார். கையும் பழுதில்லை.

அப்படியானால் கைக்கும் தராசுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

மறுநாள் சாயங்காலம் பாக்கியத்தின் லயத்துக்குப் போனார். பாக்கியம் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். சிவகாமசுந்தரி குழந்தையை மடியில் போட்டு ஒரு வெண்கலக் கிண்ணத்திலிருந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஆயாக்கா. என்ன வூட்டுக்கே வந்துட்டீங்க. சூடா மைலோ கலக்கட்டா?" என்றாள் பாக்கியம்.

"வேணாம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். என்ன ஊட்டுறீங்க?"

"பார்லித் தண்ணிதான். மிசி சொன்னது" என்றாள் சிவகாமசுந்தரி.

"இன்னிக்கு வயிறு சரியில்லையா?"

"வயிறு போன வாரத்துக்கு முந்தின வாரமே நின்னுருச்சு."

அத்தை கிண்ணத்துக்குள் பார்த்தார். தெளிந்த தண்ணீர். அடியில் நாலு பார்லி மணி. "காலையில?"

"பார்லி."

"மத்தியானம்?"

"அதே பார்லிதான். ராத்திரிக்கு இவ பால். என்னத்த பால், ரெண்டு வேளை வேலை பாக்குறவளுக்கு எங்கேருந்து ஊறும்? அதான் மிசி கரெக்டா சொல்லிட்டாங்களே, செய்யிறதையே செய்னு. நாங்க ஒரு நாளு தவறலை."

பாக்கியம் அலமாரியைக் காட்டினாள். சாமி படத்துக்குக் கீழே பால்மாவு டின் இருந்தது. துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். மூடியின் மேலிருந்த ஒட்டுக்காகிதம் கிழியவில்லை. "மிசி எப்பத் தொறக்கச் சொல்றாங்களோ அப்பத் தொறக்கலாம்னு வச்சிருக்கோம்க்கா" என்றாள்.

மூன்று வாரம். அத்தை உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு ஒழுங்காக மிசியின் பேச்சைக் கேட்ட ஒரு வீட்டை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் புதிர் இன்னும் பாதிதான் அவிழ்ந்திருந்தது. தண்ணீரைக் குடிக்கிற குழந்தை எப்படி வாராவாரம் ஏறும்?

"குளிப்பாட்டணுமா? குடுங்க, நான் ஊத்துறேன்" என்று குழந்தையை வாங்கினார். சட்டையைக் கழற்றி மடியில் கிடத்தினார். வியாழக்கிழமை அவசரத்தில் பார்க்காததை அப்போது நிதானமாகப் பார்த்தார். இடுப்பில் கறுப்புக் கயிறு இல்லை, கனமான வெள்ளிக்கொடி. கால்களில் முறுக்குத் தண்டை. கைகளில் காப்பு. கொடியில் மூன்று தாயத்து. கணுக்காலில் தண்டைக்கு மேலே ஓர் இரும்பு வளையம்.

"இதெல்லாம் எப்பப் போட்டது?"

சிவகாமசுந்தரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மொத வாரம் புள்ள துவண்டு கிடந்தான். என் மவன் ஜெயபாலனோட கொடியை எடுத்தாந்து கட்டினேன். அதுக்கடுத்த வாரம் காப்பு, மாரியம்மன் கோயில் தாயத்து ரெண்டு. அப்பவும் தெளியலை. செமாபோக்குல மந்திரிக்கிற ஒரு மலாய் போமோகிட்ட என் தம்பி போயி ஒரு தாயத்து வாங்கியாந்தான். எதுத்த வீட்டுச் செட்டியம்மா இந்த இரும்பு வளையத்தைக் குடுத்துச்சு. போன புதன்கிழமை தண்டை. எங்க மாமியார் காலத்துத் தண்டை, நல்ல வெயிட்டு. போட்ட மறுநாளே பாருங்க, ரெண்டு அவுன்ஸு ஏறிட்டான்."

குழந்தை மெலிய மெலிய வெள்ளி ஏறியிருக்கிறது. வெள்ளி ஏற ஏற அட்டை நன்றாக இருந்திருக்கிறது. அட்டை நன்றாக இருந்ததால் பார்லி தொடர்ந்திருக்கிறது. இது யாருடைய சூழ்ச்சியும் இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் அந்தக் குழந்தைக்காகத் தங்களால் முடிந்ததைச் செய்திருந்தார்கள்.

"பாக்கியம், இதையெல்லாம் ஒரு தடவை கழட்டணும்."

"ஐயோ, கொடியையா?" பாக்கியத்தின் கை குழந்தையின் இடுப்புக்குப் போயிற்று. சிவகாமசுந்தரி எழுந்தே விட்டாள். "என்ன ஆயாம்மா பேசுறீங்க நீங்க? தமிழ் ஆளுதானே?"

பூங்காவனம் பிடித்த கை அத்தைக்கு நினைவு வந்தது. இந்த முறை அவர் கையை எடுக்கவில்லை. தன் சேலையின் முந்தானை ஓரத்திலிருந்து நாலு இழைகளை உருவினார். முறுக்கினார். "கொஞ்சம் மஞ்சள் குடும்மா" என்று வாங்கித் தடவினார். அதைக் குழந்தையின் இடுப்பில் கொடிக்கு மேலாகக் கட்டி முடிச்சுப் போட்டார். "இப்ப இடுப்பு வெறுமையா இல்ல. பாத்துக்குங்க. கயிறு இருக்கு. இனிமே கொடியக் கழட்டினா என்ன குத்தம்?"

சிவகாமசுந்தரி யோசித்தாள். "தாயத்து?" என்றாள் கடைசியில்.

"கோயில் தாயத்து ஒண்ணைக் கயித்துல கோத்துடறேன். மத்தது ஒரு மணி நேரத்துல திரும்பி வந்துடும்."

நகைகளைக் கைக்குட்டையில் முடிந்து, பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு சீனன் கடைக்குப் போனார். தவுக்கே வெள்ளியைப் பார்த்ததும் எழுந்து, "ஜுவால்?" என்றார். விற்கவா என்று.

"தீடாக். திம்பாங் சாஜா" என்றார் அத்தை. விற்க இல்லை, நிறுத்துக் கொடுத்தால் போதும்.

"நேற்று வெங்காயத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனாய். இன்று வெள்ளியை நிறுத்துவிட்டு விற்காமல் போகிறாய்" என்று மலாயில் முனகிக்கொண்டே தவுக்கே தொங்குதராசை எடுத்தார். சீன எடையில் பத்துத் தாயில் இருந்தது. கடைகளில் எல்லாம் அப்போது தாயில் கணக்குத்தான். ஒரு தாயில் ஒன்றேகால் அவுன்ஸுக்குக் கொஞ்சம் அதிகம். அத்தை விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். பதின்மூன்று அவுன்ஸ்.

தியாகுவின் உண்மையான எடை பன்னிரண்டு ராத்தல் ஒன்பது அவுன்ஸ். மூன்று வாரத்தில் ஒன்பது அவுன்ஸ் போயிருக்கிறது. கை சொன்னது சரி.

பாக்கியத்துக்கு அந்தக் கணக்கு புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கடை வாசலிலேயே நின்றாள். "அப்பன்னா என் புள்ள எளைச்சிக்கிட்டே இருந்திருக்கான். நான் அட்டையப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். "புள்ள பொழைப்பானாக்கா?"

"நாளைக்கு விடிஞ்சதும் மிசிகிட்டப் போவோம்" என்றார் அத்தை. தண்ணீரை மட்டும் குடித்து இளைத்த குழந்தைகள் சட்டென்று போய்விடுவதை எஸ்டேட்டில் பார்த்தவர் அவர்.

சனிக்கிழமை காலை மிசி கதவைத் திறக்கும்போதே மூன்று பேரும் வாசலில் இருந்தார்கள், தாயும் குழந்தையும் அத்தையும்.

"என்ன சாரதாம்பாள், விடியக்காலமையே வந்து நிக்கிறீர்? இண்டைக்கு எடை நாள் இல்லையே."

அத்தை குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினார். மஞ்சள் கயிறும் அதில் கோத்த தாயத்தும் மட்டும். முள் பன்னிரண்டு ராத்தல் எட்டு அவுன்ஸ் காட்டியது. மிசி அட்டையை எடுத்தார். முள்ளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "வியாழக்கிழமை பதிமூண்டு ஆறு. ரெண்டு நாளில எப்பிடி?"

"அன்னிக்கும் இதேதான் மிசி. மிச்சம் வெள்ளி."

"என்ன வெள்ளி?"

அத்தை எல்லாவற்றையும் சொன்னார். பலகையில் இருக்கிற விதியைத் தான் மீறியதை, ஏன் மீறினார் என்பதை, தியாகுவுக்கு மட்டும் இல்லை, எல்லாக் குழந்தைகளுக்கும் என்பதை.

"எல்லாருக்கும்? எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருஷமா மிசி."

மிசி எடை அட்டைகள் வைத்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எடை இருந்தது. வேலை போயிற்று என்று அத்தை நினைத்துக்கொண்டார். மிசி பேச வாயெடுத்த நேரத்தில் பாக்கியம் குறுக்கே கேட்டாள். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மிசி, பார்லித் தண்ணி இன்னும் எத்தினி நாளைக்கு?"

"இன்னும் பார்லியே குடுக்கிறீர்?"

"நீங்கதானே சொன்னீங்க."

"அது ஒரு நாளைக்கு. கூடினா ரெண்டு நாள். பேந்து பால் துவங்கச் சொன்னனான்தானே?"

மிசி அத்தையைப் பார்த்தார். "சொன்னனான்தானே, சாரதாம்பாள்?"

"சொல்லலை மிசி. பாலை நிப்பாட்டச் சொன்னீங்க. டின்னு குடுத்தீங்க. எப்பன்னு சொல்லலை. அப்புறம் செய்யிறதையே செய்னு ரெண்டு வாரம் சொன்னீங்க."

மிசி நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை திட்டுக்காகக் காத்திருந்தார், அது வரவில்லை. மிசி சொன்னார். "நீர் வெள்ளியை நிறுத்தீர். நான் நாளைச் சொல்லேல்லை. ரெண்டையும் சேர்த்து இந்தப் பிள்ளை சுமந்திருக்குது."

பிறகு எழுந்து வேலையைத் தொடங்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி என்றதும் பாக்கியம் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அதைப் பார்த்து, "மூண்டு நாள் தாறன். செவ்வாய்க்கிழமை எடை ஏறியிருக்க வேணும். ஏறாட்டில் நானே தூக்கிக்கொண்டு போவன்" என்றார். பாலைப் பாதி அடர்த்தியில் கலக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், போத்தல் வேண்டாம், கிண்ணமும் கரண்டியும் போதும், கரண்டியைக் கொதிதண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, கதவு வரை போன பாக்கியத்தைக் கூப்பிட்டு, "இது செவ்வாய் வரைக்கும் மட்டும். செவ்வாய்க்குப் பிறகு வேற சொல்லுவன்" என்றார்.

அந்த மூன்று நாளும் ஊரில் ஒரே மேளதாளம். பாக்கியத்தால் வேலையை விட முடியவில்லை. பால் கலக்கிற வேலை சிவகாமசுந்தரியுடையது. அத்தை தினமும் மத்தியானம் போனார். முதல் நாள் இரண்டு கரண்டி குடித்துத் துப்பிவிட்டான். "பாத்தீங்களா, பாலு ஒத்துக்கலை" என்றாள் சிவகாமசுந்தரி. "இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தட்டா?"

"வேணாம். கலரப் பாக்காதீங்கக்கா. இந்தக் கரண்டியில ரெண்டு, அந்தக் கோப்பையில ஒண்ணு. கண்ண மூடிக்கிட்டுக் கலக்குங்க."

"கண்ண மூடிக்கிட்டுக் கலக்கினா கீழத்தான் ஊத்தும்" என்றாள் அவள். ஆனால் கரண்டிக் கணக்கை விடவில்லை. அன்று ராத்திரி வயிறு ஒரு முறை போயிற்று. தேவதாஸ் பார்லியை அடுப்பில் ஏற்றப் போனபோது சிவகாமசுந்தரி அதை இறக்கி வைத்துவிட்டு, "மிசி செவ்வாய்க்கிழமை வரைக்கும்னா செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான்" என்றாளாம். மூன்று வாரமாகக் குழந்தையைக் கெடுத்த கீழ்ப்படிதல்தான் அது. ஞாயிறு மத்தியானம் ஐந்து கரண்டி குடித்தான். திங்கள் சாயங்காலம் கிண்ணம் தீர்ந்ததும் அழுதான். இவ்வளவு நாள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவன் இன்னும் வேண்டுமென்று அழுதான். அந்தச் சத்தத்தைக் கேட்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு ராத்தல் பதினோரு அவுன்ஸ். மூன்று அவுன்ஸ் ஏற்றம். மிசி தராசின் அருகே வந்து முள்ளைத் தானே படித்தார். "ஆஸ்பத்திரி வேண்டாம்" என்றார்.

பெட்டியிலிருந்த அட்டைகளையெல்லாம் சரிசெய்ய நாலு வியாழக்கிழமை ஆயிற்று. மிசி மஞ்சள் கயிற்று உருண்டை ஒன்றைத் தன் செலவில் வாங்கி வைத்தார். முதலில் கயிறு, பிறகு கழற்றல். எல்லாக் குழந்தையையும் புதிதாக நிறுத்தார்கள். அட்டையில் தேறியிருந்த பதினோரு குழந்தைகள் உண்மையில் தேறியிருக்கவில்லை. அவர்களுக்கும் பால்மாவு போயிற்று. மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் மிசி ஆயாவின் பெயரை எழுதவில்லை, எடை எடுப்பதிலும் அறிவுரை சொல்வதிலும் கிளினிக்கின் பிழை என்று எழுதினார். அதைத் தமிழில் படித்துக் காட்டியபோது, "என் பேரையும் போடுங்க மிசி" என்று அத்தை சொன்னாராம். "பேர் போட்டா உம்மை நிப்பாட்டிப்போடுவினம். பிறகு ஆர் தூக்கிப் பார்க்கிறது?" என்றார் மிசி.

தேவதாஸ் மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. "தண்டை போட்டோம், ஆயாம்மா கண்ணு தொறந்துச்சு. இல்லாட்டி யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? புள்ளயக் காப்பாத்துனது அந்தத் தண்டைதான்" என்பான். அத்தை மறுத்துப் பேசியதில்லை. அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தனக்கே தெளிவாகச் சொல்ல வராது என்பார்.

மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்து மூன்றாம் வாரம். பாக்கியம் வரிசையில் வந்தாள். அத்தை துணியை அவிழ்க்கும்போது வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நேத்து என்ன சாப்பிட்டான்?"

பாக்கியம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். சிவகாமசுந்தரி பெஞ்சியில் உட்கார்ந்து யாரிடமோ தண்டையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாக்கியம் குரலைத் தாழ்த்தினாள்.

"பாலு நாலு தடவை, கஞ்சி ரெண்டு தடவை. அப்புறம்க்கா, நெத்திலி."

"மீனா? பூச்சி வரும்பாங்களே உங்க நாத்தனா. மிசி குடுக்கச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலைக்கா. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மடியில இருந்தவன் என் தட்டுல கைய விட்டு அவனா எடுத்துக்கிட்டான்."

"எத்தனை?"

"ரெண்டு. மூணாவதுக்குள்ள தட்டை நகத்திட்டேன்."

"ஏன் நகத்தினே?" என்றார் அத்தை, குழந்தையின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டே.